வாடைக்கடை மோர்

பத்தே முக்காலுக்கு முதல் வீடு, பன்னிரண்டரைக்குக் கடைசி மேசை. இடையில் இருபத்திரண்டு டிபன் கேரியர்கள். தூத்துக்குடி பழைய துறைமுகத்தைச் சுற்றியுள்ள அலுவலகங்களுக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகும் அமலோற்பவத்தின் அன்றாட ஓட்டம் இது. கூடைக்காரி என்பது பழைய பெயர். கழுத்து வலி வந்த பிறகு கூடையை விட்டுவிட்டு மூன்று சக்கரத் தள்ளுவண்டிக்கு மாறிவிட்டார். பெயர் மட்டும் மாறவில்லை.

அவருக்கு வயது நாற்பத்தெட்டு. வீடு திரேஸ்புரத்தில். கணவர் கொழும்புக்குப் போகும் தோணியில் வேலை. படிப்பு, கன்னியர் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. கையெழுத்து மட்டும் கல்லூரிக்குப் போனவர்களுடையதைப் போல இருக்கும்.

அந்தக் கையெழுத்துக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒவ்வொரு பையிலும் கேரியரோடு ஒரு துண்டுச் சீட்டு வரும். தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: ‘இந்த மாசம் கண்டது’. கீழே நாலைந்து வரி. சந்தைக்குப் பின்னால் குடை ரிப்பேர் செய்கிறவர் கம்பியை மாற்றாமலே சரி செய்து தருகிறார். நாசரேத் பஸ்ஸில் மழைக்கு ஒழுங்காக மூடுவது டிரைவர் பக்கம் மூன்றாவது ஜன்னல் ஒன்றுதான். காயல்பட்டினத்துக்காரர் கடையில் புதிதாக வந்திருக்கும் ஊசியில் கண்ணாடி போடாமலே நூல் கோர்க்கலாம். கருவாடு ஊறும் தண்ணீரில் ஒரு கொய்யா இலை போட்டுப் பாருங்கள்.

அலுவலகங்களில் மிச்சப்படும் கார்பன் தாளை வாங்கி வைத்துக்கொண்டு நாலு நாலு பிரதியாக எழுதுவார். நாலாவது பிரதி மங்கலாக இருக்கும். "எனக்கு மட்டும் எப்பவும் மங்கலா?" என்று ஒருவர் சண்டை போட்டதிலிருந்து மங்கல் பிரதியை முறை வைத்துக் கொடுக்கிறார். அவருக்கு இரண்டு விதிகள். தான் பார்க்காத எதையும் எழுதக் கூடாது. எதைப் பற்றியும் கெட்டதாக எழுதக் கூடாது.

1977 ஆகஸ்டு மாதச் சீட்டில் கடைசி வரி மோரைப் பற்றியது.

துறைமுக வாசலுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மோர்க்கடை. தெற்கில் இருப்பது பல வருடக் கடை. வடக்கில் இருப்பது புதுசு. ஸ்ரீவைகுண்டம் பக்கத்து வயற்காட்டுக்காரர் ஆறுமுகநயினாரும் அவர் மனைவி சண்முகத்தாயும் மே மாதம் போட்டது. சண்முகத்தாய் ஊரில் கடைந்த மோரைப் பானையோடு முதல் பஸ்ஸில் கொண்டுவருவார். இஞ்சியும் நாரத்தை இலையும் தட்டிப் போட்ட மோர். அமலோற்பவம் தொடர்ந்து எட்டு நாள் குடித்துப் பார்த்துவிட்டு எழுதினார்:

‘வாசல் பக்கம் ரெண்டு மோர்க்கடை. வாடைக்கடை மோரைக் குடித்துப் பாருங்கள். அப்புறம் தெரியும்.’

சனிக்கிழமை சீட்டு போனது. திங்கட்கிழமை பகல் இரண்டரை மணிக்கு வடக்குக் கடைப் பானையில் மோர் கழுத்து வரை நின்றது. காலி கேரியர்களோடு திரும்பி வந்த வண்டியை ஆறுமுகநயினார் மறித்தார்.

"அக்கா, ஒங்களுக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?"

"என்ன தம்பி, மோர் குடிச்சே போதை ஏறிட்டா?"

"வெளையாடாதிய. வாடைக்கடைன்னு எழுதியிருக்கியளாமே?"

"ஆமா, எழுதுனேன். நல்லாத்தான எழுதியிருக்கேன்?"

"என் கடையில என்ன வாடை அடிக்கி?"

"அடிக்காம? நீ இருக்கதே வாடையிலதானப்பா!"

மாற்றுப் பானையைக் கழுவிக்கொண்டிருந்த சண்முகத்தாய் எழுந்து வந்தார். கையிலிருந்த காலிப் பானையை அமலோற்பவத்தின் மூக்குக்கு நேராக நீட்டினார். "தெனம் ரெண்டு தடவ சுடுதண்ணி ஊத்திக் கழுவுதேன். மோந்து பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க."

அமலோற்பவம் உண்மையாகவே மோந்து பார்த்தார். "நல்லாத்தான இருக்கு?"

"அப்புறம் எதுக்கு வாடைன்னு எழுதுனிய?"

"ஏளா, அந்தக் கடை சோழகத்துல இருக்கு, இந்தக் கடை வாடையில இருக்கு. வாடைக்கடைன்னு எழுதாம வேற என்னன்னு எழுத? வாடைக்காத்து எங்கன இருந்து வருது?" கையை நீட்டித் திரேஸ்புரம் பக்கம் காட்டினார்.

கடலுக்குப் போகிறவர்களுக்குக் காற்றின் பெயர்தான் திசையின் பெயரும். வடக்கு வாடை, தெற்கு சோழகம். அமலோற்பவம் பிறந்தது முதல் வேறு மாதிரி சொன்னதில்லை. ஆனால் சீட்டு வாங்கும் இருபத்திரண்டு பேரில் முக்கால்வாசிப் பேர் உள்நாட்டுக்காரர்கள். அவர்களுக்கு வாடை என்றால் நாற்றம்.

"வடக்கையா சொன்னிய?" என்றார் சண்முகத்தாய். பானையைக் கீழே வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "சனிக்கெழம வரைக்கும் பாப்போம். இப்படியே பானை நெறைய நின்னா, கடையை எடுத்துட்டு ஊருக்குப் போயிருவோம். தெனமும் மோரைச் சாக்கடையில ஊத்த எனக்கு மனசு வராது."

ஆறுமுகநயினார் நிறைந்த பானையைத் தூக்கிக்கொண்டு சாக்கடைப் பக்கம் நடந்தார். அமலோற்பவத்துக்கு அது அவர் கத்தியதைவிட மோசமாக இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மாதக் கடைசிச் சனிக்கிழமை தவிர வேறு நாளில் சீட்டு போனதே இல்லை, அன்று போனது. ‘வாடை என்றால் எங்கள் பக்கம் வடக்கு. வடக்குக் கடை மோர் நல்ல மோர். தப்பு என் மேல்.’ மங்கல் பிரதிகூட இல்லாமல் இருபத்திரண்டையும் தனித்தனியாக மையில் எழுதியிருந்தார்.

கப்பல் ஏஜென்சி கிளார்க் சிவசுப்பிரமணியன் சீட்டைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். முதல் சீட்டை அலுவலகப் பலகையில் குத்தி வைத்து ஊரெல்லாம் பரப்பியவர் அவர்தான்.

"புரியுது அக்கா. நீங்க யாரையும் கெட்டதா எழுத மாட்டிய. அப்படிப்பட்ட மனுசியே எழுதிட்டாகன்னா மோர் எவ்வளவு மோசமா இருக்கும்னு நெனச்சிட்டோம்."

"இப்பதான் தெரிஞ்சு போச்சில்லா? போய்க் குடிங்க சார்."

"போகலாம்தான். டம்ளரை வாய்க்கிட்ட கொண்டுபோனா மூக்கு தானா வாடை தேடுமே. நான் என்ன செய்ய?"

அன்றும் பானை நிறைந்தே நின்றது.

புதன்கிழமை பகல், அமலோற்பவத்தின் கொழுந்தன் வில்பிரட் வாசலில் எதிர்ப்பட்டார். தோணிகளில் சரக்கு ஏற்றி இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. முப்பது பேர் அவர் சொல்லுக்கு நடப்பார்கள். அவர் மதினி சொல்லுக்கு நடப்பார்.

"மதினி, ஆபீஸ் பலகையில ஒங்க சீட்டு பாத்தேன். வாசலுக்கு அந்தப் பக்கம் இருக்கே, அதான வாடைக்கடை? மோர் அம்புட்டு நல்லா இருக்குமா?"

அமலோற்பவம் வண்டியை நிறுத்திவிட்டார். "ஏலே, ஒனக்கு வெளங்குச்சா?"

"இதுல வெளங்குறதுக்கு என்ன இருக்கு? வாடைக்கடைன்னா வாடைக்கடை. பள்ளிக்கொடத்துப் பிள்ளைக்கே தெரியும்."

"ஆபீஸ்காரவுகளுக்குத் தெரியலையே!" என்று நடந்ததைச் சொன்னார். வில்பிரட் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"சிரிக்காத. ஒன் ஆளுக இந்தக் கச்சான் காத்து வெக்கையில எதுக்குலே டீயைக் குடிச்சிச் சாவுதானுவ? நாளைக்கு எல்லாரையும் இங்கன கூட்டிட்டு வா."

"மோரா? நம்ம பயலுவ குடிப்பானுவளா?"

"நான் எழுதியிருக்கேன்லா?"

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முப்பது பேர் வந்தார்கள். சிமெண்டுத் தூசியும் உப்புமாக வந்து நின்று, "வாடைக்கடை இதானவே?" என்று உரக்கக் கேட்டார்கள். அந்த வார்த்தையைக் கேட்டதும் ஆறுமுகநயினாருக்கு முகம் சுண்டிவிட்டது. பிறகு பானையில் அகப்பை போன வேகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். ஒருவர் உப்பு போதாது என்றார். இன்னொருவர் நாரத்தை இலையைத் துப்பிவிட்டு, இதை ஆட்டுக்குப் போடச் சொன்னார். துப்பியவர் மூன்று டம்ளர் குடித்தார். வெள்ளிக்கிழமை அவர்களோடு அடுத்த குழுவும் வந்தது.

சனிக்கிழமை சண்முகத்தாய் இரண்டு பானை மோரோடு வந்தார். பன்னிரண்டே முக்காலுக்கு இரண்டும் காலி. கூட்டத்தைப் பார்த்து மனம் மாறி, மூக்கைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஒரு மணிக்கு வந்த சிவசுப்பிரமணியனுக்குக் கிடைக்கவில்லை.

"ஒரு டம்ளர் கூடவா இல்ல?"

"வாடைகூட மிஞ்சல சார்" என்றார் ஆறுமுகநயினார். ஒரு வாரத்தில் அவர் செய்த முதல் கேலி அது.

காலி கேரியர்களோடு வந்த அமலோற்பவத்துக்குத் தனியாக எடுத்து வைத்திருந்த டம்ளரைக் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னார்: "அக்கா, ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். இனிமே எங்களப் பத்தி நல்லபடியா ஒண்ணும் எழுதிராதிய."

"அவரு கெடக்காரு" என்றார் சண்முகத்தாய். "நீங்க எழுதுங்க. ஆனா எழுதுறதுக்கு முந்தி எங்கிட்ட ஒருக்க வாசிச்சுக் காட்டிருங்க."

செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தின நாள், சாயங்காலக் கப்பல் சங்கு ஊதுவதற்கு முன்னால், அமலோற்பவம் கடை நிழலில் உட்கார்ந்து வாசித்தார். "மாதா கோவில் கொண்டல் வாசல்ல மத்தியானம் நல்ல காத்து..."

"கொண்டல்னா மேகம்லா? கோவில் வாசல்ல மேகம் எப்படி வரும்?"

"கெழக்குளா! கெழக்கு!"

"அப்ப கெழக்குன்னே எழுதுங்க."

அமலோற்பவம் முணுமுணுத்துக்கொண்டே அந்த வார்த்தையை அடித்தார்.