றஹ்மா சொன்ன படங்கள்

கல்பிட்டிக் கடைத்தெருவில் லாபிர் நடத்திய சீடிக் கடை 2014இல் மூடப்பட்டது. சனம் போனிலும் பென்டிரைவிலும் படம் பார்க்கத் தொடங்கிவிட்டது. வாடகைக்கு எடுக்க ஆளில்லை. கடையைக் காலி பண்ணிய அன்று தமிழ்ப் படங்களையும் சிங்கள நாடகங்களையும் சிலாபத்து வியாபாரி ஒருவர் மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார். அவரும் தொடாமல் விட்டது மூன்று பெட்டி. லாபிர் அவற்றை ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, அலுமாரிக்கு மேலே அடுக்கினான்.

"இதெல்லாம் என்ன?" என்று கேட்டாள் அவனுடைய மனைவி றஹ்மா.

"நல்ல படங்கள்."

"நல்லதெண்டா ஏன் ஒருத்தரும் எடுக்கல்ல?"

"ஆருக்கும் தெரியாது. அதுதான்."

அவை என்ன படங்கள் என்று றஹ்மாவுக்குத் தெரியும். ஆகாயத்திலிருந்து இறங்கி மனிசருக்குள்ளே வளர்கிறவை, ஆய்வுகூடத்தில் பிறந்து கதவைத் தட்டுகிறவை. விஞ்ஞானமும் பேயும் கலந்த படங்கள். அதிலும் பேர்போனவை எல்லாம் கடையில் நன்றாக ஓடின. இவையோ பேர் தெரியாத நடிகர்கள் நடித்து, வந்த சுவடும் போன சுவடும் தெரியாமல் மறைந்தவை. வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் லாபிர் இவற்றை எடுத்து நீட்டுவான். "ஒருக்காப் பாத்துட்டுச் சொல்லுங்க, பிடிக்காட்டிக் காசு வேணாம்" என்பான். அவர்கள் சிரித்துவிட்டு வேறொன்றை எடுத்துப் போவார்கள். கலியாணம் முடித்த பதினோரு வருசத்தில், அவன் வீட்டில் இப்படியொரு படம் போட்டால் றஹ்மா எழும்பிக் குசினிக்குப் போய்விடுவாள். அவளுக்குப் பயம் என்று அவன் நினைத்தான். அவளும் அப்படியே நினைத்தாள்.

லாபிருக்கு முப்பது வயதிலேயே சீனி வருத்தம். அது கண்ணைத் தாக்கியபோது லேசர் வெளிச்சம் பிடித்து வைத்தியம் செய்தார்கள். புத்தளத்துக்கும் கொழும்புக்கும் பஸ்ஸில் அலைந்தார்கள். பிந்திவிட்டது. 2016 முடியும்போது அவனுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் தெரிந்தது. அவனுக்கு வயது நாற்பத்தைந்து.

றஹ்மா சுபஹுத் தொழுகைக்கு முன்பே எழும்பி மூன்று சாப்பாட்டுக் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுத்தாள். அதில்தான் வீடு ஓடியது. மத்தியானம் லுஹர் தொழுத பிறகு அவளுக்குக் கை ஓயும். அந்த நேரத்தில் லாபிர் கதிரையில் இருந்து, பெட்டியைத் தடவி ஒரு சீடியை எடுத்துப் போட்டு, சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பான். கடைக்காரனாக இருந்ததால் ஆங்கிலம் அவனுக்கு ஓரளவு விளங்கும். ஆனால் ஆரும் பேசாத இடம் வந்தால் தலையைச் சாய்த்து, காதைத் தீட்டி, எதையோ தேடுவான். அவள் குசினியிலிருந்து அதைப் பார்ப்பாள்.

ஒருநாள் கூப்பிட்டான்.

"றஹ்மா, இப்ப அங்க என்ன நடக்குது?"

அவள் வெங்காயமும் கத்தியுமாக வந்து எட்டிப் பார்த்தாள். "ஒரு பொம்பிள மழைக்குள்ள நிக்கிறா."

"எங்க பாக்கிறா?"

"மேல."

"மேல என்ன இருக்கு?"

"ஒண்டுமில்ல. வானம்தான்."

லாபிர் மெதுவாகத் தலையாட்டினான். "அவ மழை அளக்கிற நிலையத்தில வேல செய்றவ. விழுறது மழை இல்லையெண்டு அவக்கு இப்பதான் விளங்குது."

"அப்ப என்ன அது?"

"மேல ஒண்டு இருக்கு. அதுக்கு வேர்க்குது."

றஹ்மா கத்தியை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தாள். வெங்காயம் அன்றைக்கு அரைவாசியில் நின்றது.

அதுதான் தொடக்கம். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. அவனுக்குப் படம் தெரியாது. திரையில் நடப்பதை அவள் சொன்னாள், பேசுவதை அவன் சொன்னான். ஆளுக்குப் பாதியாக ஒரு படத்தைப் பார்த்து முடிக்க மூன்று மணித்தியாலம் பிடித்தது. இடையிலே நிறுத்தித் தேத்தண்ணி குடித்தார்கள், அஸர் தொழுதார்கள், திரும்பவும் தொடங்கினார்கள்.

முதல் கொஞ்ச நாள் அவள் களவு செய்தாள். பார்க்கச் சகிக்காத இடங்களில் கண்ணைப் பொத்திக்கொண்டு, "ஒண்டும் பெரிசா நடக்கல்ல" என்பாள். ஒரு படத்தில், தூரத்துக் கிரகத்துக்குப் போகிற கப்பலில் கணவன் விழித்திருக்கிறான். மனைவி கண்ணாடிப் பெட்டிக்குள் வருசக்கணக்காகத் தூங்குகிறாள். கடைசியில் பெட்டி திறக்கிறது. எழும்பி வருவது அவள் அல்ல. றஹ்மா அதைச் சொல்லவில்லை.

"அவ எழும்பிட்டா. ரெண்டு பேரும் கட்டிப் பிடிக்கிறாங்க" என்றாள்.

லாபிர் கொஞ்ச நேரம் கேட்டான். "அப்ப அவன் ஏன் மூச்சைப் பிடிச்சிட்டு நிக்கிறான்?"

"சந்தோசத்தில."

"றஹ்மா."

அவள் கண்ணிலிருந்து கையை எடுத்தாள்.

"எனக்குக் கண்தான் போச்சு. எனக்கு நீ பாவம் பாக்க வேணாம். பயமான இடத்தப் பயமாவே சொல்லு. இல்லாட்டிப் படத்த நிப்பாட்டு."

அவள் ரிமோட்டை எடுத்துக் கொஞ்சம் பின்னால் கொண்டுபோனாள். இந்த முறை கண்ணைப் பொத்தவில்லை. அந்தப் பெண்ணின் விரல்கள் ஒவ்வொன்றாக எப்படி வளைந்தன, சிரிப்பு எந்தப் பக்கத்தால் தொடங்கியது, கணவன் அவளுக்குத் தெரியாமல் ஒரு அடி பின்னால் வைத்தது என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது ஒன்றைக் கவனித்தாள். வாயால் சொல்லச் சொல்ல, பயம் சொல்லக்கூடிய அளவுக்குச் சிறுத்துவிடுகிறது.

அடுத்த வருசம் ஒரு வெள்ளிக்கிழமை, லாபிர் மூன்றாவது பெட்டியிலிருந்து ஒரு சீடியை எடுத்துத் தரச் சொன்னான். "இதக் கடையில முப்பது பேருக்காவது குடுத்திருப்பன். எல்லாரும் திருப்பிக் கொண்டுவந்து ஏசினாங்க. என்ட கூட்டாளி ரஸாக்கே பாதியில நிப்பாட்டிட்டான். ஏன் எனக்கு இது பிடிக்குதெண்டு எனக்கே தெரியா."

படம் ஓர் ஏரிக்கரை ஊரைப் பற்றியது. ஏரிக்கு அடியில் ஏதோ வந்துவிட்டது. அதைப் படம் காட்டுவதே இல்லை. வண்டியில் ஒலிபெருக்கி கட்டி, நாலு நாளைக்குள் ஊரைவிட்டுப் போகச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு படம் முழுக்கச் சனம் மூட்டை கட்டுவதுதான்.

றஹ்மா சொல்லிக்கொண்டு வந்தாள். "ஒரு பொம்பிள சாமான எடுத்து வைக்கிறா. திரும்ப வெளிய எடுக்கிறா. பையில இடம் இல்ல. புருசன் கூப்பிடுறான், வண்டி வந்திட்டு. அவ போகல்ல. குசினிக்க போறா. சட்டி கழுவுறா."

"ஓம். அந்த இடத்திலதான் ரஸாக் நிப்பாட்டின. போற வீட்டில சட்டி கழுவுற படமெல்லாம் ஒரு படமா எண்டு கேட்டான்."

படத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன நடக்குது?" என்றான் லாபிர்.

"கழுவிக் கவுத்து வைக்கிறா," என்றாள் றஹ்மா. "என்ட உம்மாவும் கழுவிக் கவுத்து வெச்சிட்டுத்தான் வந்தா."

லாபிர் கையை நீட்டித் துழாவி ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினான்.

றஹ்மா மன்னார் எருக்கலம்பிட்டியில் பிறந்தவள். 1990இல் ஆயுத இயக்கம் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவளுக்கு ஒன்பது வயது. கடல் வழியாகக் கல்பிட்டிக்கு வந்து, கரைத்தீவுப் பக்கம் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தாள். இவ்வளவும் லாபிருக்குத் தெரியும். பெண் பேசியபோது அவனுடைய உம்மா, "அகதிப் பிள்ளையா?" என்று முகத்தைச் சுளித்ததும் தெரியும். ஆனால் அந்த நாட்களைப் பற்றி றஹ்மா ஒருநாளும் வாய் திறந்ததில்லை, அவனும் கேட்டதில்லை.

அன்றைக்குச் சொன்னாள். படம் சொல்வது மாதிரியே சொன்னாள். ஒலிபெருக்கிச் சத்தம் எந்தத் தெருவால் வந்தது, வாப்பா எப்படி இரண்டு தரம் பிள்ளைகளை எண்ணினார், உம்மா முற்றத்தைக் கூட்டி ஈர்க்குக் கட்டையைக் கதவோரம் சாத்தியது, வள்ளத்தில் பக்கத்தில் இருந்த பெண் கைக்குழந்தையின் முகத்தைச் சீலையால் மூடிக்கொண்டே வந்தது. அந்தச் சீலையை ஏன் அவள் எடுக்கவில்லை என்று றஹ்மாவுக்குக் கரைக்கு வந்த பிறகுதான் விளங்கியது.

லாபிர் ரிமோட்டை மேசையில் வைத்தான். பிறகு சொன்னான்: "அண்டைக்கு நான் இங்க கரையில நிண்டன். எனக்குப் பத்தொன்பது வயசு. இடுப்பளவு தண்ணிக்குள்ள இறங்கிப் பிள்ளைகள வாங்கி வாங்கி மணல்ல இருத்தினம். எத்தினி பேரெண்டு தெரியா."

"என்னையும் தூக்கினீங்களோ?"

"தெரியா. நான் ஒருத்தர்ட முகத்தையும் பாக்கல்ல. பாக்க ஏலாம இருந்திச்சு."

மிச்சப் படத்தை அவர்கள் மறுநாள் பார்த்தார்கள். ஏரிக்குள் என்ன இருந்தது என்று கடைசிவரை சொல்லவே இல்லை. றஹ்மாவுக்கு அது சரியாகப் பட்டது.

நுரைச்சோலை மின் நிலையத்தில் வேலை செய்யும் ரஸாக், கடைக் காலத்துச் சினேகிதன். கிழமைக்கொருதரம் மீன் கொண்டுவந்து தருவான். ஒருநாள் அவன் வாசலில் நின்றபோது, உள்ளே றஹ்மா அந்த ஏரிக்கரைப் படத்தைப் பக்கத்து வீட்டு சுல்பாவுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ரஸாக் மீன் பையோடு அப்படியே நின்றுவிட்டான். முடிந்த பிறகு, "இது நான் நிப்பாட்டின படமில்ல," என்றான்.

"அதே படம்தான்," என்றான் லாபிர்.

ரஸாக் அதை இன்னொருக்கால் சொல்லச் சொல்லிப் போனில் பதிந்துகொண்டு போனான். வேலைக்குப் போகிற பஸ்ஸில் போட்டானாம். அடுத்த கிழமை, "பஸ்ஸில எல்லாரும் அந்த ராத்தாட்ட வேற படம் இருக்காண்டு கேக்கிறாங்க" என்று வந்தான். அப்படியே அது வட்ஸ்அப்பில் கட்டாருக்கும் சவூதிக்கும்கூடப் போனது. றஹ்மா கதையைச் சொன்ன பிறகு தன் தீர்ப்பையும் சொல்வாள். "இத கட்டாயம் பாருங்க." "இது பிள்ளத்தாச்சிகளுக்கு வேணாம்." "இதுக்குத் தொடக்கம் இழுவை, அரை மணித்தியாலம் பொறுங்க." ஆரும் கேள்விப்படாத படங்களைச் சனம் தேடிப் பார்க்கத் தொடங்கியது. லாபிர் பத்து வருசம் நீட்டி நீட்டிப் பார்த்தும் ஒருவரும் வாங்காதவை.

லாபிரின் கூடப் பிறந்த ராத்தா மபாஸா ஒருநாள் வந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தாள். "பொம்பிளைட குரல் ஊரார்ர போனுக்க போறது நல்லமா? அதுவும் பேயும் பிசாசும்."

றஹ்மா, "சரி மதினி," என்றாள். அன்றோடு பதிவு செய்வதை விட்டாள். வீட்டுக்குள் லாபிருக்கு மட்டும் சொன்னாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. ராத்தாவோடு சண்டைக்கும் போகவில்லை. ரஸாக் கேட்டபோது, "அவட விருப்பம்" என்று மட்டும் சொன்னான். அதில் றஹ்மாவுக்குக் கொஞ்சம் கோபம்கூட. நீ செய் என்று ஒரு சொல் சொன்னால் என்ன என்று நினைத்தாள். பிறகு யோசித்துப் பார்த்தாள். அவன் சொல்லிச் செய்தால் அது திரும்பவும் அவனுடைய கடையாகிவிடும்.

மூன்று கிழமை போனது. மபாஸா திரும்ப வந்தாள். தேத்தண்ணி குடித்தாள். விலைவாசி கதைத்தாள். எழும்பிப் போகிற நேரம் வாசலில் செருப்பைக் காலால் தேடிக்கொண்டே கேட்டாள்:

"அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள படுத்திருந்தவ... எழும்பினாளா?"

"அதுல அரைவாசிதான் அனுப்பின, மதினி. நீங்க வேணாமெண்ட."

"அது தெரியும். எழும்பினாளா?"

றஹ்மா அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போய் மிச்சத்தைச் சொன்னாள். அடுத்த நாள் பதிவும் தொடங்கியது. மபாஸா அதைப்பற்றிப் பிறகு பேசவில்லை.

2020இல் ஊரடங்கு வந்து எல்லாரும் வீட்டுக்குள் அடைபட்ட மாதங்களில் றஹ்மாவுக்கு ஓய்வே இல்லை. மூன்று பெட்டியும் முடிந்து, ரஸாக் பென்டிரைவில் புதிதாகக் கொண்டுவந்து கொடுத்தவற்றையும் பார்த்தார்கள். அந்த நாட்களில்தான் இருவருக்கும் பெரிய சண்டை வந்தது. லாபிர் தன் வாழ்நாளில் கேட்டவற்றுள் மிகச் சிறந்தது என்று வைத்திருந்த படம் ஒன்று. மீன்பிடிக் கிராமம் ஒன்றின் வலையில் வேற்றுலகத்து முட்டை அகப்படுகிற கதை. பார்த்து முடிந்ததும் றஹ்மா உதட்டைப் பிதுக்கினாள்.

"இத நான் ஆருக்கும் சொல்ல மாட்டன்."

"ஏன்? எவ்வளவு நல்ல கதை."

"கதை சரி. வலை இழுக்கிறது பொய். ஒருத்தர்ட கையிலயும் காயம் இல்ல, கயிறு நனையல்ல. இப்படி இழுத்தா ஒரு சூடை மீனும் வராது. வலையே பொய்யெண்டா அதுக்குள்ள வந்தத நான் எப்படி நம்புற?"

"அது சின்ன விசயம், றஹ்மா."

"உங்களுக்குத் தெரியல்ல. நான் பாத்தன்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு விளங்கியது. வாயைக் கையால் பொத்தினாள். லாபிரோ அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. கதிரையின் கையைத் தட்டித் தட்டி வாதாடிக்கொண்டிருந்தான்; கயிறு நனையாதது இயக்குநர் வேண்டுமென்றே செய்தது என்றான், அது அந்த முட்டையின் வேலை என்றான்.

"திரும்பப் போடு. அந்த இடத்த முதல்ல இருந்து சொல்லு, பாப்பம்," என்றான்.

றஹ்மா படத்தைப் பின்னால் கொண்டுபோனாள். நாலு தரம் பார்த்தும் கயிறு நனையவில்லை. அந்தப் படத்தை அவள் இன்றுவரைக்கும் ஆருக்கும் சொல்லவில்லை. கேட்கிறவர்களிடம், "எங்கட ஆளுக்குப் பிடிக்கும், அவர்ட கேளுங்க," என்று போனை அவனிடம் கொடுத்துவிட்டு, அடுத்த நாளைக்கு இடியப்ப மா வறுக்கப் போய்விடுவாள்.