சக்கரக் கதவுக்குள் ஒரு சாக்பீஸ் குறி

செம்பூரில் ஒரு காலனி வாசலில், வருகிறவர்கள் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும் என்று மராத்தியிலும் இந்தியிலும் ஒரு பலகை இருக்கிறது. அதைச் செய்தது நான். தாராவியில் ஒரு ஃபிளெக்ஸ் பேனர் கடையில் பல வருடமாகக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருக்கிறேன். பிறந்தநாள், கோவில் கொடை, கட்சிக் கூட்டம், கண்ணீர் அஞ்சலி, எல்லாம் என் கை வழியாகத்தான் சுவரேறும். படிப்பு பத்தாவது, தமிழ் மீடியம். கூச்சம் அதிகம். கடைக்கு வருகிறவர்கள் முதலாளியிடம் பேசுவார்கள். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு குடியரசு தினப் பேனருக்கு ஜெட் விமானம் கேட்டார்கள். இணையத்தில் தேடினால் வெளிநாட்டு விமானங்களாகவே வந்தன. நம் படையில் பல வருடம் பறந்து ஓய்வு பெற்ற பழைய ஜெட் ஒன்றின் படம் மங்கலாகக் கிடைத்தது. மூக்கு நீண்டு, இறக்கை குட்டையாக, பார்க்க ஒரு மாதிரி பிடிவாதமாக இருந்தது. அதை நானே வரைந்து பேனரில் போட்டேன். பேனர் கிழிந்து போன பிறகும் அந்த விமானம் என்னை விடவில்லை. பக்கவாட்டில் இப்படி இருந்தால் பின்பக்கம் எப்படி இருக்கும், வயிற்றுப் பக்கம் எப்படி இருக்கும் என்று ஓடிக்கொண்டே இருந்தது. முதலாளி கழித்துப் போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வீட்டுக்கு வாங்கி வந்து, இந்தி வீடியோக்களைப் பார்த்து முப்பரிமாணத்தில் உருவம் செய்யக் கற்றுக்கொண்டேன்.

அப்படித்தான் சிமுலேட்டர்காரர்களின் குழு அறிமுகமானது. வீட்டில் உட்கார்ந்துகொண்டு திரையில் விமானம் ஓட்டுகிறவர்கள். அவர்களில் சிலர் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் உழைத்து ஒரு விமானத்தைச் செய்து, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இலவசமாகப் போட்டுவிடுவார்கள். கூடவே ஒரு குறிப்புக் கோப்பு இருக்கும். உடல் செய்தது யார், பூச்சு யார், பறக்கும் கணக்கு யார் என்று அதில் எழுதியிருக்கும். கிடைக்கிற கூலி அந்த ஒரு வரிதான்.

அந்தக் குழுவில்தான் தம்பி கிடைத்தான். கூடப் பிறந்தவன் இல்லை. செம்பூரில் இருப்பவன், ஆபீஸ் வேலை, நல்ல இங்கிலீஷ். நான் போட்ட படத்தைப் பார்த்து அவனே எழுதினான். விமானம் எப்படிப் பறக்க வேண்டும் என்ற கணக்கை அவன் எழுதுவது, உடலை நான் செய்வது என்று பேச்சானது. மற்றவர்களெல்லாம் குழுவில் மைக்கில் பேசுவார்கள். எனக்கு வாய் வராது. எனக்கும் சேர்த்து அவனே பேசினான்.

"அரே அக்கா, டென்ஷன் லேனேகா நஹி, கவலையே படாதீங்க. அப்லோட், ஃபாரம், இங்கிலீஷ் எல்லாம் நான் பாத்துக்கறேன். நீங்க கைய மட்டும் நிறுத்தாதீங்க."

குறிப்புக் கோப்பில் என் பெயரை எப்படி எழுதுவது என்று கேட்டான். எனக்கு அது வெட்கமாக இருந்தது. "பேரெல்லாம் எதுக்குப்பா, விமானம் போதும்" என்றேன். கடையில் எந்தப் பேனரிலும் நான் என் பெயரைப் போட்டதில்லை. அதே பழக்கத்தில் சொன்னது.

அளவு எடுத்தது எங்கள் கடை முறைப்படி. பேனர் கட்டப் போகிற சுவருக்கு ஏணி போட முடியாவிட்டால், உயரம் தெரிந்த ஆளைச் சுவரோரம் நிறுத்திப் படம் எடுப்போம். பிறகு அந்த ஆளை வைத்துச் சுவரைக் கணக்குப் போடுவோம். நகரத்தில் ஒரு தோட்டத்தில் அந்த ரக ஜெட் ஒன்றைக் காட்சிக்கு நிறுத்தியிருக்கிறார்கள். என் வீட்டுக்காரரை ஞாயிற்றுக்கிழமைகளில் அழைத்துப் போய் மூக்கடியில், இறக்கையடியில், வாலடியில் என்று நிறுத்தினேன். அவர் பஸ் மெக்கானிக். ஐந்தடி ஆறு அங்குலம்.

"ஏட்டி, ஆளுகல்லாம் என்னையப் பாக்காவ. யாரு மேல குண்டு போடப் போற, அதையாவது சொல்லு."

"அசையாம நில்லுங்க. தலைய நிமித்துனா கணக்கு தப்பும்."

"கல்யாண போட்டோவுக்கு இவ்வளவு நேரம் நிக்கல நான்."

காலனிப் பலகைக்கு ஆர்டர் பிடித்துக் கொடுத்ததும் தம்பிதான். அவன் இருப்பது அந்தக் காலனியில். பலகையை வாங்கிப்போக அங்கே செக்யூரிட்டி சூப்பர்வைசராக இருப்பவர் கடைக்கு வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவர். மதிய நேரம், வேலை இல்லை, என் திரையில் விமானம் சக்கரத்தை இறக்கி நின்றது. அவர் பலகையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றுவிட்டார்.

"யம்மா, அந்தச் சக்கரக் கதவு அப்படித் தெறக்காதுல்லா" என்றார்.

விமானப்படையில் தரைப் பணியாளராக இருந்தவர். அந்த ரக ஜெட்டைத்தான் இருபது வருடம் பறக்கத் தயார் செய்து அனுப்பியிருக்கிறார். ஓய்வு பெற்றபின் இந்த வேலை. அன்றிலிருந்து அவருக்கு ஓய்வு கிடைக்கும் மதியங்களில் கடைக்கு வர ஆரம்பித்தார். நான் அண்ணாச்சி என்றேன், அவர் தங்கச்சி என்றார். விமானி இருக்கை அறையில் எந்த சுவிட்ச் எங்கே என்று கேட்டால் உடனே சொல்ல வராது. கண்ணை மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, எதிரில் இல்லாத விமானத்துக்குள் கையை நுழைப்பார். கை போய் ஓரிடத்தில் நிற்கும்.

"இங்கன. ஆமா, இங்கனதான். ரகசியம் எதும் சொல்ல மாட்டேன், பாத்துக்கிடுங்க. தோட்டத்துல நிக்கதுல என்ன இருக்கோ அதத்தான் சொல்லுதேன்."

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. சோதனை எல்லாம் முடிந்ததும் இடது சக்கரக் கதவின் உள்பக்கம் சாக்பீஸால் ஒரு டிக் போட்டு, கீழே ஒரு புள்ளி வைப்பாராம். விதியில் இல்லாதது, அவருக்கு மட்டும். அந்தக் குறியை ஒரு தாளில் போட்டுக் காட்டினார். நான் அதை அப்படியே எடுத்து விமானத்தின் அதே கதவில் வைத்தேன். சக்கரம் இறங்கி, கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் மட்டும் தெரியும். காட்டியபோது வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒன்று சொன்னார்.

"தங்கச்சி, இத வச்சி ஒரு பைசா யாரும் வாங்கக் கூடாது. நான் டிக் போட்டு அனுப்புனதுல ரெண்டு பேரு திரும்பி வரல. என் மேல தப்பு இல்லன்னு எழுதித் தந்தாவ. இருந்தாலும் இத விக்கக் கூடாது."

"விக்க மாட்டோம் அண்ணாச்சி. எப்பவும் இலவசம்தான்."

யோசிக்காமல் வந்த வார்த்தை. என் வாழ்க்கையில் அவ்வளவு உறுதியாக நான் எதையும் சொன்னதில்லை. தம்பியிடமும் சொன்னேன். "அங்கிள் சொன்னா சொன்னதுதான் அக்கா" என்றான். குறிப்புக் கோப்பின் கடைசி வரியாக, இது என்றும் விலைக்கு அல்ல என்று நான் தமிழில் எழுத, அவன் இங்கிலீஷில் மாற்றினான்.

மூன்று வருட வேலை. முடிந்ததும் தம்பி தன் பெயரில் இருந்த கணக்கிலிருந்து விமானத்தை ஓர் இலவசத் தளத்தில் ஏற்றினான். காலையில் கடையைத் திறந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் முதலில் பார்ப்பேன். எங்கெங்கிருந்தோ எழுதியிருப்பார்கள். பாதி புரியாது. ஆனால் ஒருவர், இந்த விமானத்தின் சத்தம் கேட்டு அழுதேன் என்று இந்தியில் எழுதியிருந்ததை நான் அச்சடித்து வைத்திருக்கிறேன்.

ஒரு காலை அந்தப் பக்கம் இல்லை. ஏதோ கோளாறு என்று நினைத்தேன். தம்பிக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. கேட்டு அனுப்பிய செய்தி படிக்கப்பட்டது என்று காட்டியது, பதில் வரவில்லை. நாலாம் நாள் குழுவில் யாரோ விளம்பரம் போட்டிருந்தார்கள். சிமுலேட்டர் விமானங்களை விற்கிற வெளிநாட்டுக் கடை ஒன்று. என் விமானம் ஓடுபாதையில் நின்றது. புதிய பூச்சு, வெயில் பட்டு மின்னுகிற மாதிரி. உருவாக்கியவர் என்று தம்பியின் பெயர் மட்டும். அந்தக் கடையில் அவன் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகக் குழுவில் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கினேன். மூன்றாவது படத்தில் சக்கரம் இறங்கியிருந்தது. கதவின் உள்பக்கம் டிக், கீழே புள்ளி. அதைக் கவனித்து அழிக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது. அந்தக் குறி என்ன என்று தெரிந்தவன் அவன்.

'அண்ணாச்சிக்கு என்ன சொல்ல?' என்று மட்டும் அனுப்பினேன். அன்று பதில் வந்தது.

'அக்கா, இது எனக்கு லைஃப் சான்ஸ். அவங்க கையில போனா விமானம் இன்னும் நல்லா வரும். உங்க பேரு வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க? அங்கிளுக்கு இதெல்லாம் தெரியவா போகுது.'

நான்தான் சொன்னேன். அது உண்மை. என் பெயரை வேண்டாம் என்றதால், என் வாக்கையும் வேண்டாம் என்றதாக அவன் எடுத்துக்கொண்டான்.

பெயர் போகட்டும், விமானம் இலவசமாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். என்னிடம் மூலக் கோப்பு இருந்தது. இலவசத் தளத்தில் எனக்கென்று முதல்முறையாக ஒரு கணக்குத் திறந்தேன். இங்கிலீஷ் கேள்விகளைப் போனில் மொழிபெயர்த்து மொழிபெயர்த்து நிரப்பினேன். பெயர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். விமானம் ஏறியது. இரண்டு நாள் இருந்தது. மூன்றாம் நாள் எடுத்துவிட்டார்கள். உரிமையாளரின் புகாரின்பேரில் நீக்கப்பட்டது, இன்னொரு முறை திருட்டுப் பிரதியை ஏற்றினால் கணக்கு மூடப்படும் என்று கடிதம் வந்தது. முதல்நாளிலிருந்து ஏற்றியது எல்லாம் அவன் கணக்கிலிருந்து. அங்கே இருக்கும் பதிவுப்படி அது அவன் விமானம், நான் திருடி.

வீட்டுக்காரர் அந்தக் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இவ்வளவு நாளு வெயில்ல நின்னது நானு. திருட்டுல எனக்கும் பங்கு உண்டுல்லா" என்றார். சிரிக்க வைக்கப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று தெரிந்ததும், "போய்க் கேளு. நேர்ல போய்க் கேட்டாத்தான் உண்டு" என்றார்.

அடுத்த ஞாயிறு செம்பூருக்குப் போனேன். வாசலில் என் பலகை. அதற்குக் கீழே அண்ணாச்சி, சீருடையில்.

"வாங்க தங்கச்சி! என்ன இந்தப் பக்கம்? தம்பியப் பாக்கவா?" என்று பதிவேட்டை நீட்டினார். எழுதினேன். அவர் இன்டர்காமில் கூப்பிட்டார். நான் பக்கத்திலேயே நின்றேன். தம்பியின் குரல் எனக்கும் கேட்டது.

"வீட்ல இல்லன்னு சொல்லிடுங்க அங்கிள்."

அண்ணாச்சி ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். அவருக்குப் பொய் சொல்ல வரவில்லை. "என்ன நடந்துச்சி?" என்றார்.

சொன்னேன். கோர்வையாக வரவில்லை. விற்கிறார்கள், எடுத்துவிட்டார்கள், நான் ஏற்றினேன், அதையும் எடுத்துவிட்டார்கள் என்று முன்னும் பின்னுமாக. நடுவில் ஒரு கார் வந்தது. கேட்டைத் திறந்து, சலாம் வைத்து, மூடிவிட்டு வந்தார்.

"விக்காவளா?"

"ஆமா அண்ணாச்சி."

"நம்ம மார்க் அதுல இருக்கா?"

"இருக்கு."

கொஞ்ச நேரம் பதிவேட்டின் ஓரத்தை நகத்தால் நிமிண்டிக்கொண்டிருந்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். "உங்களுக்கும் அதுல பங்கு உண்டா தங்கச்சி? இருந்தா சொல்லிருங்க."

இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். பள்ளியில் எழுப்பிக் கேள்வி கேட்டால் தெரிந்த பதிலும் வராமல் நிற்பேனே, அதே மாதிரி நின்றேன். "இல்ல அண்ணாச்சி" என்று நான் சொன்னபோது அவர் ஏற்கெனவே கண்ணைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார். "அந்த மார்க்க அழிச்சிருங்க. நான் சோதிச்சுப் பாக்காத வண்டி அது."

பதிவேட்டில் என் பெயருக்கு நேரே வெளியே போன நேரத்தை அவரே எழுதினார். அதன்பிறகு அவர் கடைக்கு வரவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து மூலக் கோப்பைத் திறந்தேன். விற்கப்படுகிற விமானத்தில் நான் கை வைக்க முடியாது. அங்கே அந்தக் குறி யார் யாருடைய திரையிலோ ஓடுபாதையில் ஓடி மேலே ஏறிக்கொண்டிருக்கும். என்னிடம் இருப்பதில் மட்டும் அழிக்க முடியும். அவருக்குக் கொடுத்த வாக்கு மீறப்படாத ஒரே பிரதி அதுதான். அதில்தான் அழித்தேன். முதலில் டிக், பிறகு புள்ளி. கதவின் உள்பக்கம் சுத்தமாக, யாரும் தொடாத இரும்பு மாதிரி ஆனது. சக்கரத்தை மேலேற்றிக் கதவை மூடினேன்.