நாலு சைக்கிள் வெளிச்சம்

பெர்னடெட்டோடு நான் கோபித்துக்கொண்டு கதைக்காமல் விட்டது ஒரே ஒரு முறைதான். அதுவும் அரை மணித்தியாலம்.

1992ஆம் ஆண்டு. பல்கலைக்கழகத்தில் நாடகமும் அரங்கியலும் படித்த எங்களுக்கு அது கடைசி வருடம். போரால் குடாநாட்டில் கரண்ட் போய் இரண்டு வருடமாகியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் குருநகர்க் கடற்கரைப் பெண்ணான இவள், செய்முறைப் பரீட்சைக்கு மேடை வெளிச்சத்தைத் தேர்ந்தெடுத்தாள்.

“உனக்கென்ன விசரோ? கரண்ட் இல்லாத ஊரிலை லைற்றோ?” என்று கேட்டேன்.

“கரண்ட் இருந்தால் ஆரும் செய்வினம் ஞானம்.”

வாய்க்கு மட்டும் குறைவில்லை. ஆனால் பரீட்சையில் பெயிலானால் இன்னொரு வருடம் படிக்க வேண்டும். கடலுக்குப் போகத் தடை விழுந்து தகப்பன் செல்வரட்ணம் கையைக் கட்டிக்கொண்டிருந்த வீட்டில் அது நடக்காது. அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

நாலு சைக்கிளை மண்டபத்தின் பின் விறாந்தையில் ஸ்ராண்டில் நிறுத்தினாள். பின் சில்லுகளில் டைனமோ. அங்கிருந்து ஜன்னலால் வயர் மேடைக்கு வந்தது. பிஸ்கற் தகரத்தை வெட்டி வளைத்து பல்புகளுக்குப் பின்னால் கட்டினாள். பகலை மறைக்க ஜன்னல்களில் வள்ளத்துப் பாய்களைத் தொங்கவிட்டாள். மிதிப்பதற்கு அவளுடைய அப்பாவும் மூன்று கூட்டாளிகளும். வேலையில்லாமல் இருந்த மனிதர்களுக்குச் சரியான புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை. சோதினை எழுதப் போகிறவர்கள் போலத் தலைக்கு எண்ணெய் வைத்து வாரி வந்தார்கள்.

நாடகத்தில் நான் கடலுக்குப் போய்த் திரும்பாதவனின் மனைவி. கோவிலில் துக்கமணி அடிக்கும். நான் முழு வெளிச்சத்தில் ஒப்பாரி வைத்து, கடைசியில் ஜாம் போத்தல் விளக்கை ஏற்ற வேண்டும். ஒத்திகைகளில் யாராவது “டாங்” என்று வாயால் சொல்வோம். பரீட்சையன்று காலை பெர்னடெட் தன் பங்குக் கோவிலில் பழைய மணியொன்றை இரவல் வாங்கிவந்தாள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. மணி அடித்தது. நான் வாயைத் திறந்தேன். ஒரு பல்ப் மங்கியது. பிறகு இன்னொன்று. ஒப்பாரியின் நாலாவது அடியில் மேடை கும்மிருட்டு. நெருப்புப் பெட்டியைத் தேடித் தடவித் தடவி, நடுங்கி நடுங்கிப் பாடி, ஒருமாதிரி விளக்கை ஏற்றினேன். உள்ளுக்குள் பெர்னடெட்டை வாயில் வந்தபடி திட்டிக்கொண்டிருந்தேன்.

முடிந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். பரீட்சகர் அருளம்பலம் சேர் எழும்பி வந்தார்.

“வெளிச்சத்தை ஒவ்வொண்டாய்க் குறைச்சது நல்ல யோசனை. எப்பிடிச் செய்தனீர்?”

ஓம் என்று தலையாட்டினால் காரியம் முடிந்தது. இந்த அரிச்சந்திரி அதையும் செய்யவில்லை.

“நான் செய்யேல்லை சேர். துக்கமணி கேட்டால் எங்கடை ஆக்கள் செய்யிற வேலையை விட்டிட்டு எழும்பிச் செபிப்பினம். அப்பாவும் மற்ற ஆக்களும் அப்பிடித்தான் சைக்கிளாலை இறங்கிட்டினம். மணியை ஒத்திகையிலை அடிச்சுப் பாக்காதது என்ரை பிழை.”

பெயிலென்றே நினைத்தேன். கோபத்தில் அவள் முகத்தைப் பார்க்காமல் விறாந்தைக்குப் போனேன். செல்வரட்ணம் ஐயா சைக்கிளுக்குப் பக்கத்தில் தலையைக் குனிந்து நின்றார்.

“நாடகத்துச் சாவுக்கும் செபிப்பினமோ ஐயா?” என்று வெடுக்கெனக் கேட்டேன்.

“நாடகமெண்டு தெரியும் பிள்ளை. ஆனால் மணி உண்மையான மணியெல்லே. செத்தவன்ரை பேர் தெரியேல்லை. அதாலை என்ரை தம்பி சிமியோன்ரை பேரைச் சொன்னம். கடலுக்குப் போனவன், உடம்பு கிடைக்கேல்லை. அவனுக்கு ஆரும் மணி அடிக்கேல்லை.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அரை மணித்தியாலம் வீறாப்பாய் இருந்த நான் போய்ப் பெர்னடெட்டைக் கட்டிப்பிடித்தேன். அவளோ சிரித்துக்கொண்டு நின்றாள். பிழையை ஒப்புக்கொண்டதற்குச் சேர் புள்ளி குறைக்கவில்லையாம். “அந்த இடத்தை மட்டும் மாத்திப்போடாதையும்” என்றாராம்.

அடுத்த கிழமை ஊருக்காக நாடகத்தைத் திரும்பப் போட்டோம். அவளுடைய ஒளிக் குறிப்பில் சிவப்பு மையால் புதிதாக ஒரு வரி இருந்தது: “மணி. எல்லாரும் இறங்கவும்.”

அன்றைக்கு எனக்கு இருட்டில் பயமில்லை. விறாந்தையில் நாலு பேரும் யாருக்காக நிற்கிறார்கள் என்று தெரியும். நானும் அவனுக்குத்தான் பாடினேன்.