சிவப்புப் பட்டன்

பிரஸ் மெஷினில் ஒரு சிவப்புப் பட்டன் இருக்கும். யார் கையாவது மாட்டினால் ஒழிய அதைத் தொடக்கூடாது. ஒரு நாள் காலையில் எங்கள் கொரியாக்கார மேனேஜரே அதை அழுத்தினார். யார் கையும் மாட்டவில்லை.

மானாம்பதியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வந்த காலம் அது. கார் கதவுக்குத் தகடு அடிக்கிற வேலை. லைன் ஒரு நிமிஷம் நின்றாலும் கத்துகிறவர், அன்றைக்கு மெஷின் மெஷினாக அவரே நிறுத்திக்கொண்டு போனார். சத்தம் அடங்கியதும் எங்களுக்கு நிலைகொள்ளவில்லை. அவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு, தெரிந்த தமிழில், "பையன் பரீட்சை. சத்தம் வேணாம்" என்றார்.

பையன் எழுதியது கொரியாவில், காலேஜில் சேருகிற பரீட்சை. காதால் கேட்டு எழுதுகிற பகுதி ஒன்று உண்டாம். அந்த நேரத்தில் சத்தம் கூடாதென்று அங்கே ஏரோப்ளேன்கூட இறங்காதாம். பக்கத்து மெஷின்காரன் என்னிடம், "இங்க அட்சா அங்க கேக்குமா மாமே? இன்னா காது அது?" என்றான். நான் சிரித்தேன். மேனேஜர் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய அப்பா நெல் பயிரிட்டவர். மாட்டை விற்று இவரைப் படிக்கவைத்தாராம்.

பையன் பாஸானான். காலேஜ் முடித்தும் வேலை கிடைக்காமல் இன்னொரு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். அந்த வருஷம்தான் மேனேஜர் எங்கள் லைனுக்கு ரோபோ கொண்டுவந்தார். அதன் திரையில் இங்கிலீஷில் வருவதைப் படிக்கத் தெரிந்தவர்களை வைத்துக்கொண்டார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். கடைசி நாளில் மேனேஜர் என் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லப் பார்த்தார். தமிழ் வரவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

இப்போது கழனிதான். இன்று என் மகளுக்குப் பன்னிரண்டாவது கணக்குப் பரீட்சை, உத்திரமேரூரில். இது போனால் அவளும் என்னைப்போல ஏதாவது ஒரு திரைக்கு முன்னால் முழித்துக்கொண்டு நிற்பாள். அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து மோட்டார் போட்டேன். கதிர் பால்பிடிக்கிற நேரம், தண்ணீர் குறையக்கூடாது. மோட்டாருக்கான கரண்ட் மதியம்வரைதான். பத்து மணிக்குக் கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள். வரப்பில் நடந்தேன். திரும்பி வந்தேன். மறுபடி நடந்தேன். கொட்டகைக்குள் போய் மோட்டாரை நிறுத்திவிட்டேன்.

மடை திருப்பிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி மண்வெட்டியோடு வந்தாள்.

"இன்னாத்துக்கு நிறுத்தினே? கரண்ட் கீது இல்ல?"

"பரீட்சை."

"அவ எய்துறது உத்திரமேரூர்ல. மோட்டார் ஓடுறது இங்க. பயிர் காய்ஞ்சிக்கினு கீது, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"தெரியும்" என்றேன்.

மோட்டார் ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை அழுத்தக் கையை நீட்டினாள். என் முகத்தைப் பார்த்தாள். நீட்டிய கை அப்படியே நின்றது. பிறகு அதை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். வாய்க்காலில் தண்ணீர் வற்றிக்கொண்டே போனது. சிவப்புப் பட்டன் பக்கத்தில் இருவரும் நின்றோம். பரீட்சை முடிய இன்னும் நேரம் இருந்தது.