பீடத் துணியின் ஓரம்

என் மூத்த மகள் கோயிலில் முதன்முதலாக அப்பம் வாங்கும் புதுநன்மைக்கு முந்தின சாயங்காலம், அவளுடைய முக்காடு உடைமுள்ளில் மாட்டிக் கிழிந்துவிட்டது. பிள்ளை அழுதாள். பக்கத்து வீட்டு ரோச் அதை வாங்கிக்கொண்டு போனார். விடிந்ததும் முக்காடு எங்கள் வீட்டுக் கொடியில் கிடந்தது. கிழிந்த இடத்தில் சின்னதாக ஒரு பூ. அவர் மனைவி பிரகாசியிடம், "உன் கைக்குப் புண்ணியம்" என்றேன். அவள் சிரித்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

ரோச் சங்கு குளிக்கிறவர். நல்ல நெஞ்சு, முறுக்கு மீசை. கடலில் இறங்காத மாதங்களில் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னுவார். எங்கள் ஆண்கள் எல்லாரும் அப்படித்தான், அதில் யாருக்கும் குறைவில்லை. பிரகாசியும் நானும் கன்னியர் மடத்துக்கு லேஸ் பின்னினோம். வைக்கோல் அடைத்த தலையணையில் ஊசி குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போட வேண்டும். அது பெண்கள் வேலை. அதுவும் நூல்தான், இதுவும் நூல்தான். யார் அப்படிப் பிரித்து வைத்தார்களோ, நானும் கேட்டதில்லை.

உலகச் சண்டை நடந்த காலம் அது. பிள்ளைப்பேறுக்குப் பிறகு பிரகாசியின் விரல் மூட்டெல்லாம் வீங்கிவிட்டது. மடத்துக்கு வராமல் வீட்டிலேயே பின்னித் தந்தாள். லேஸ் முன்னைவிட நன்றாக இருந்தது. மாதா திருவிழாவுக்குக் கோயில் பீடத்தில் விரிக்கிற துணியின் ஓரத்தை அவளிடம்தான் கொடுத்தார்கள். அலையும் சிப்பியுமாக வந்ததைப் பார்த்து மடத்து மதருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாளைக்குத் தலையணையோடு வா, பிரகாசி. லேஸ் பழகும் பிள்ளைகளுக்கு உட்கார்ந்து காட்டு."

மறுநாள் ரோச்தான் தலையணையைத் தூக்கி வந்தார். மடத்து முற்றத்தில் விறகு இறக்கிக்கொண்டிருந்த அவருடைய சேக்காளிகள் இரண்டு பேர் விடுவார்களா?

"ஏலே ரோச்சு, சங்கு குளிச்சது போதும்னு பொண்டாட்டிக்குத் தலாணி சுமக்கியாலே?"

"சேலை ஒண்ணு எடுத்துத் தரட்டுமாடே?"

"போங்கலே" என்று மீசையைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

உள்ளே பிரகாசி உட்கார்ந்தாள். குச்சி விரலில் நிற்கவில்லை. ஒன்று விழுந்தது, குனிந்து எடுப்பதற்குள் இன்னொன்று. பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். மதருக்கு முகம் மாறிவிட்டது.

"பிரகாசி, அந்த ஓரத்தைப் பின்னியது யார்?"

அவள் வாசலைப் பார்த்தாள். வாசலில் ரோச் நின்றார். அவருக்குப் பின்னால் அந்த இரண்டு பேரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரோச் தலையைக் குனிந்துகொண்டார்.

"வெலைக்கு வாங்கினது, மதர்" என்றாள் பிரகாசி.

அன்றோடு அவளுக்கு மடத்து வேலை போயிற்று. கோயிலுக்குப் போகிற வழியில், "ஏளா, கள்ளச் சரக்கு வாரா பாரு" என்று அவள் காதில் விழவே சொன்னார்கள். தூண் மறைவில் உட்கார்ந்து பூசை கண்டாள். துணியை மட்டும் பீடத்திலிருந்து யாரும் எடுக்கவில்லை.

மனது கேட்காமல் நான் பிரகாசியிடம் போய் விசாரித்தேன். "ஒன் மக முக்காட்டைப் பின்னுனதே அவுகதான், அக்கா. கதவைச் சாத்திக்கிட்டுப் பின்னுவாக" என்றாள். "வெளிய சொல்லிராத. கடக்கரையில அவுக தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?" மாதா பேரில் என்னிடம் சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

அந்தப் பெயரோடேயே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு ரோச் பூசைக்கு வந்தால் பீடத்தை ஏறிட்டுப் பார்க்க மாட்டார். நன்மை வாங்கவும் முன்னே போக மாட்டார். கரையில் வலையைத் தொடுவதையும் விட்டுவிட்டார். கடைசியில் கொழும்புக்குத் தோணி ஏறினார், அங்கேயே காலமானார். இருவரும் இல்லாததால்தான் இதை எழுதுகிறேன். செய்த சத்தியத்தை மீறுவதை மாதா பொறுத்துக்கொள்ளட்டும்.

தோணி ஏறுகிற அன்று வழியனுப்பப் போனேன்.

"பீடத்துல அந்தத் துணி இன்னும் கெடக்கா, மயினி?"

"கெடக்கு தம்பி. நேத்துதான் வெளுத்து விரிச்சோம்."

மூட்டையைத் தோணியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நாந்தான் பின்னுனேன்னு அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, என் மீசை உதுந்தா போயிருக்கும், மயினி?"