பின்பக்கம் சாவி கொடுக்கும் கடிகாரம்

என் தங்கை கைக்கடிகாரம் சேர்க்கிறாள் என்று சொன்னால், "இருக்கறது ரெண்டு கைதானே?" என்று கேட்காத ஆளை நான் இன்னும் பார்க்கவில்லை. தபால்தலை சேர்க்கிறவனிடம் "லெட்டர் யாருக்குப் போடப் போறே?" என்று எவனும் கேட்பதில்லை. பெண்பிள்ளை ஒன்றைச் சேர்த்துவைத்தால் மட்டும் ஊருக்கெல்லாம் கணக்குப்பாடம் நினைவுக்கு வந்துவிடுகிறது.

வீட்டில் அவளுக்குப் பொடிசு என்று பெயர். எனக்கு ஆறு வயது இளையவள். நான் ஒன்பதாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குப் போனேன். அவள் படித்து, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள் ஆனாள். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரே எடுப்பதற்குமுன் நகை, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் வைக்கச் சொல்வார்கள். அந்தத் தட்டிலிருந்துதான் அவளுக்கு இந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டது. ஒருநாள் முதுகுவலியோடு வந்த பாட்டு டீச்சர் ஒருவர் கழற்றி வைத்த கடிகாரத்தில் பக்கவாட்டில் திருகே இல்லை. எப்படிச் சாவி கொடுப்பீர்கள் என்று இவள் கேட்க, அந்த அம்மாள் வலியோடு வலியாக அதைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். திருகு பின்பக்கத்தில், தோலைத் தொடும் இடத்தில், காசு மாதிரித் தட்டையாகப் பதிந்திருந்தது. முன்னாலிருந்து பார்த்தால் கடிகாரத்தின் ஓரம் மழமழவென்று இருக்கும். பெரிய கம்பெனிகள் பெண்களுக்கென்றே கொஞ்சமாகச் செய்து நிறுத்திவிட்ட வகை அது என்று பிறகுதான் தேடித் தெரிந்துகொண்டாள்.

அன்று தொடங்கியவள் பத்துப் பதினைந்து வருடங்களில் பதினொன்று சேர்த்தாள். எல்லாம் பெண்கள் கட்டியவை, எல்லாம் அரியவை. கடிகாரம் சேர்க்கிறவர்களின் கூட்டம் ஒன்றுக்கு என்னைத் துணைக்கு அழைத்துப் போனாள். அங்கே ஒரு பெரிய மனிதர், இவளுடைய நகத்தளவுக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "இது வாட்ச் இல்லம்மா, தோடு" என்றார். அவர் கட்டியிருந்தது வாட்ச் இல்லை, குக்கர் மூடி என்று நானும் சொன்னேன். பொடிசு என் காலை மிதித்தாள். அவளுக்குக் கோபம் வராது. அவள் பங்கையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருந்தேன். இந்த மாதிரி ஆட்கள் ஒதுக்கித் தள்ளியதால்தான் மாதச் சம்பளக்காரியான அவள் கைக்கு இவையெல்லாம் எட்டின என்பதும் உண்மை.

பின்பக்கச் சாவி வைத்தது மட்டும் எட்டாமலே இருந்தது. போன வருடம் வெளியூர் வியாபாரி ஒருவரிடம் கிடைத்தது. நீள்சதுரத் தங்க உறை, தந்தநிற முகம், மயிரிழை போன்ற முட்கள். ரிப்பேர் என்று எவரும் உள்ளே கைவைக்காமல், செய்த நாளில் இருந்தபடியே இருந்தது. அதுதான் அதன் அருமை. எனக்குப் போன் போட்டு, "அண்ணா, இதை யாரும் கெடுக்கல" என்று மட்டும் சொன்னாள். கட்டிக்கொள்ள மாட்டாள். வாரம் ஒருமுறை சாவி கொடுத்துக் காதில் வைத்துக் கேட்டுவிட்டுப் பெட்டியில் வைப்பாள்.

இனி மாப்பிள்ளை. இன்ஷூரன்ஸ் ஆபீசில் மேனேஜர். கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அதுதான் தொல்லை. கேட்காமல் நல்லது செய்கிறவர். இவள் டூட்டியில் இருக்கும்போது இவள் சைக்கிளை யாருக்கோ கொடுத்துவிட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவைத்தார். சமையலறை அலமாரியை இவளுக்கு எட்டாத உயரத்தில் மாற்றிக் கட்டிவிட்டு, "எப்படி?" என்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு இவள் ஸ்டூல் வாங்கிக்கொண்டாள்.

அவர்கள் கல்யாண நாளன்று சொந்தக்காரர்களையெல்லாம் சாப்பிட அழைத்திருந்தார். நானும் போயிருந்தேன். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு சின்னப் பெட்டியை அவள் கையில் கொடுத்தார். திறந்தாள். அவளுடைய கடிகாரம். பக்கவாட்டில், முகப்பரு மாதிரி, பளபளவென்று ஒரு புதுத் திருகு.

"சாவியே இல்லாம கெடந்துச்சு. ஆள் புடிச்சுப் போட வெச்சேன். பேட்டரி வேற. இனிமே தினமும் கட்டிக்கலாம்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

பொடிசு அதைத் திருப்பினாள். பின்பக்கம் வழுவழுவென்று வேறு மூடி. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நான் எழுந்துவிட்டேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுத முடியாது. மாப்பிள்ளையின் அம்மா, ஆசையாகச் செய்ததைக் குற்றம் சொல்லக்கூடாது என்று எனக்குப் புத்தி சொன்னார். பொடிசு என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அவளுக்கு அப்போது ஒரே நினைப்புதான்: உள்ளே இருந்த பழைய இயந்திரம் குப்பைக்குப் போயிருக்குமோ?

மறுநாள், அந்தப் பெட்டியில் பெயர் போட்டிருந்த ரிப்பேர்க் கடை திறக்குமுன்பே இருவரும் போய் நின்றோம். ரிப்பேர்க்காரர் ஒரு மாத்திரைப் புட்டியை எடுத்து நீட்டினார். இயந்திரமும் பழைய மூடியும் அதில் இருந்தன. எனக்கு உயிர் வந்தது. ஆனால் புதுத் திருகுக்காக உறையின் பக்கத்தில் துளை போட்டிருந்தார். பழைய இயந்திரத்தைத் திரும்ப வைத்தாலும் அந்த ஓட்டை அப்படியே நிற்கும். அடைத்தால் தழும்பு நிற்கும். பைண்டிங்கில் ஒரு நூல் அளவு தப்பாக வெட்டினால் எங்கள் முதலாளி தாளை மூஞ்சியில் எறிவார். இங்கே தங்கத்தில் ஓட்டை போட்டுவிட்டு மனிதர் டீ குடித்துக்கொண்டிருந்தார். பின்பக்கம் சாவி இருந்தது கண்ணில் படவில்லையா என்று கேட்டேன்.

"பட்டுச்சு சார். ஓடறதைக் காட்டி, வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்கன்னு நான்தான் சொன்னேன். 'அவளைக் கேட்டா வேண்டாம்னுதான் சொல்லுவா, நீங்க போடுங்க'ன்னுட்டாரு."

நான் பொடிசைப் பார்த்தேன். அவள் புட்டியைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். "போலாம்ணா" என்றாள்.

வழியெல்லாம் நான்தான் கத்திக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் மாப்பிள்ளைக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள். முதல் நாள் கைதட்டிய ஒவ்வொருவரையும் கூப்பிட ஆரம்பித்தாள். முதலில் அவருடைய சித்தப்பா.

"நேத்து நீங்க கைதட்டினீங்கல்ல, எதுக்குன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். சாவி இல்லாத வாட்ச் இல்ல அது. பின்னாடி இருந்துச்சு, ஓடிக்கிட்டும் இருந்துச்சு. அவருக்குத் தெரியும். நான் வேண்டாம்னு சொல்லுவேன்னும் தெரியும். தெரிஞ்சேதான் ஓட்டை போட வெச்சிருக்காரு."

'மூச்சை இழுங்க, அசையாதீங்க' என்று எக்ஸ்ரே அறையில் சொல்வாளே, அதே குரல். ஏற்றமும் இல்லை இறக்கமும் இல்லை. சித்தப்பா ஏதோ மழுப்பினார். வைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள், அதையே ஒரு சொல் கூடாமல் குறையாமல் சொன்னாள். அடுத்து ஆபீஸ் நண்பர்.

"என்ன பொடிசு, மானத்தை வாங்கறே" என்றார் மாப்பிள்ளை. அவள் நிமிரவில்லை. என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீங்களாவது சொல்லுங்க."

"நான் சொன்னா இதைவிட மோசமா இருக்கும் மாப்பிள்ளை."

அவர் தலையைச் சொறிந்தார். வேறு ஒன்று, இதைவிட விலை அதிகமாக, வாங்கித் தருவதாகச் சொன்னார். அப்போதுதான் பொடிசு அவரை நேராகப் பார்த்தாள். என் தங்கைக்குக் கோபம் வந்ததை நான் பார்த்தது அன்றுதான்.

"வாங்காதீங்க. என்னைக் கேக்காம எனக்குன்னு எதையும் வாங்காதீங்க, தொடாதீங்க, நல்லது பண்ணாதீங்க."

பிறகு மாமியாரின் எண்ணை அழுத்தினாள். மாப்பிள்ளை எழப் பார்த்தார். "உக்காருங்க, இன்னும் முடியல" என்றாள். உட்கார்ந்தார்.