முந்நூற்றில் எட்டு போனால்

பினாயிலும் மூத்திரமும் கலந்த ஒரு நெடி எங்காவது வந்தால், மற்றவர்களுக்குக் கழிவறை நினைவுக்கு வரும். எனக்கு ஆறாம் வகுப்புக் கணக்குப் பாடம்தான் நினைவுக்கு வருகிறது, கூடவே குமட்டலும்.

சிட்லபாக்கத்திலிருந்து தாம்பரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நானும் தம்பியும் நடந்தே போவோம். வாய் திறக்காத பிள்ளை என்று எனக்குப் பெயர். முந்நூற்றிலிருந்து எட்டைக் கழிக்கச் சொன்னால் முந்நூற்றெட்டு என்று எழுதிவைப்பேன். பூஜ்யத்திலிருந்து எட்டு போகாது, ஆகவே எட்டை அப்படியே கீழே இறக்கிவிடுவேன். வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள், ஆனால் மாட்டியது நான்.

"ஏம்மா, முன்னூறு இட்லில எட்டு தின்னா முன்னூத்தியெட்டு ஆவுதா? நாளைலேர்ந்து எனக்கு உங்க வூட்லதான் சாப்பாடு" என்றார் கணக்கு சார்.

"பக்கத்துல கடன் வாங்கு" என்பது அவர் எப்போதும் சொல்லும் வழி. பக்கத்திலும் பூஜ்யமே உட்கார்ந்திருந்தால் யாரிடம் போய் வாங்குவது என்று எங்களுக்குப் புரியவில்லை. கடைசியில் அலுத்துப்போய், எல்லாரையும் "ஈர்க்குச்சி" கொண்டுவரச் சொன்னார். வெள்ளிக்கிழமை அந்தக் குச்சிகளை வைத்துக் கணக்கைச் செய்துகாட்ட வேண்டும், முடியாதவர்கள் ஐந்தாம் வகுப்பில் போய் உட்கார வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். அந்த ஐந்தாம் வகுப்பில்தான் என் தம்பி இருந்தான்.

பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்டு. அப்படிப் பத்துக் கட்டுகளைச் சேர்த்துச் சணலால் கட்டினால் ஒரு நூறு. குச்சிகளில் பெரும்பகுதியை என் பக்கத்தில் உட்காரும் கலாதான் அள்ளிக்கொண்டு வந்தாள். இவ்வளவும் எங்கே கிடைத்தது என்று மெதுவாகக் கேட்டேன்.

"எங்க வூட்ல இன்னா தென்னந்தோப்பா கீது? பின்னால கக்கூஸ்ல தொடப்பம் சாத்தி வெச்சிருந்தாங்க, உருவிகினு வந்தேன்."

நுனி கறுத்து, ஈரம்கூடக் காயாமல் இருந்தன அந்தக் குச்சிகள்.

வெள்ளிக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டு வந்த சார், மேசைமேல் இருந்த கட்டிலிருந்து ஒரு குச்சியை உருவி நிதானமாகப் பல் குத்தத் தொடங்கினார். முதலில் போன பையன் ஒரு கட்டைப் பிரித்து எண்ணிவிட்டு, பத்துக்கு ஒன்று குறைகிறது என்று விழித்தான்.

"ஒண்ணு உங்க வாயில கீது சார்" என்றாள் கலா.

சார் அதை எடுத்துச் சட்டையில் துடைத்து, மறுபடியும் கட்டிலேயே செருகினார். பிறகு என் பெயரைக் கூப்பிட்டார்.

மேசை முன்னால் போய் நின்றேன். கை நீளவே இல்லை. எச்சில் பட்ட குச்சி எது என்றுகூடத் தெரியவில்லை. "இன்னா, அஞ்சாவதுக்குப் போறியா?" என்றார். எதிர்ச் சுவருக்கு அந்தப் பக்கம் தம்பியின் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. வேறு வழி தெரியாமல் சாக்பீஸை எடுத்தேன். கரும்பலகையில் நூறு, பத்து, ஒன்று என்று ஏற்கெனவே கட்டம் போட்டிருந்தது. நூறின் கீழே மூன்று கோடு கிழித்தேன். அதில் ஒன்றை அழித்து, பத்தின் கீழே பத்துக் கோடு போட்டேன். அந்தப் பத்தில் ஒன்றை அழித்து, ஒன்றின் கீழே பத்துக் கோடு போட்டு, எட்டை அழித்தேன். இரண்டு, ஒன்பது, இரண்டு என்று மிச்சம் நின்றது.

"கட்டு எங்க? எல்லாம் ஒரே கோடால்ல கீது. நூறு எது, ஒண்ணு எதுன்னு எப்டித் தெரியும்?"

"எங்க நிக்குதோ அதான் சார்" என்றேன். அந்த வருடம் நான் வகுப்பில் வாய்விட்டுச் சொன்னது அநேகமாக அது ஒன்றுதான்.

சாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. குச்சி பிடித்த அதே கையை என் தலையில் வைத்து, முடி கலையும்படி தடவிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்து சீயக்காய் தீரும்வரை தேய்த்தேன். அம்மாவிடம் அடியும் வாங்கினேன்.

அந்தப் பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் இப்போது வண்டி நிறுத்துகிறார்கள். நாங்கள் குடியிருக்கும் அஸ்தினாபுரத்துத் தெருவில் ஈர்க்குத் துடைப்பம் விற்பவர்களும் வருவதில்லை, எல்லாம் பிளாஸ்டிக்தான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆறாவது படிக்கும் என் மகளுக்குப் போனிலேயே குச்சிக்கட்டு வருகிறது. விரலால் தொட்டால் தானாகப் பிரிந்து பத்தாகிறது. அத்தனை சுத்தம். இருந்தும் நேற்று எழுநூற்றில் ஆறு போனால் எழுநூற்றாறு என்று எழுதிக்கொண்டு வந்து நின்றாள்.

பென்சில் வாங்கிக் கட்டம் போட்டு, ஏழு கோடு கிழித்து, ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினேன். "எல்லாம் ஒரே கோடா இருக்கேம்மா" என்றாள். "எங்க நிக்குதோ அதான்" என்றேன். என் கையிலிருந்து பென்சிலை வாங்கி, அறுநூற்றுத் தொண்ணூற்றுநான்கு என்று அவளே எழுதினாள்.

நான் எழுந்து போய்க் குழாயடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினேன்.

"பென்சில்தானேம்மா புடிச்ச" என்றாள்.